மரவள்ளி வெந்த நீர்

நேற்றுப் பக்கத்து வீட்டில் மரவள்ளிக் கிழங்கு வெந்தது. ஈர மண்ணும் மாவும் கலந்த அந்த வாசனை ஜன்னல் வழியே வந்ததும் என்னையறியாமல் எழுந்து எங்கள் அடுப்படிக்குப் போய் நின்றேன். அடுப்பு அணைந்திருந்தது. அதைப் பற்றவைப்பவள், என் மனைவி, போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எழுபதுகளின் பிற்பகுதி. பெரம்பலூருக்கு அருகில் ஒரு பள்ளியில் நான் கணக்கு ஆசிரியன்; அவள் வரலாறு. அப்போது எனக்கு அவள் வெறும் ‘டீச்சர்’தான். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றதையும், பங்கீட்டில் அளந்து கொடுத்ததையும் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்று, ஒருநாள் வேப்பமரத்தடியில் கல் கூட்டிப் பங்கீட்டுச் சமையலே நடத்தினாள். ஆளுக்கு ஒரு பிடி அரிசி, மீதிப் பசிக்குக் கிழங்கு. எதையும் வீணாக்கக் கூடாது. எதைப் போட்டாலும் சாப்பிடுவேன் என்ற ஒரே தகுதியால் என்னையும் அழைத்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் வடிகஞ்சியை யாரும் கொட்டுவதில்லை. உப்புப் போட்டுக் குடித்துவிடுவார்கள். எட்டாம் வகுப்பு மல்லிகா, கிழங்கு வெந்த நீரையும் அப்படியே எண்ணி, சொம்பு நிறையக் குடித்திருக்கிறாள்.

“டீச்சர், தல சுத்துது” என்றவள் வாந்தியெடுத்துச் சாய்ந்தாள்.

கிழங்கு கொண்டுவந்த பையனை உலுக்கினேன். “ஏதுடா இது?”

“ஜவ்வரிசி மில்லுக்குப் போற லோடுலேருந்து எடுத்தேன் சார்.”

ஆலைக்குப் போவது கசப்புக் கிழங்கு. அதன் நஞ்சு வெந்த நீரில் இறங்கிவிடும். மற்றப் பிள்ளைகள் இன்னும் வாய் வைக்கவில்லை. அவசரக்காரன் நான் மட்டும் இரண்டு துண்டு தின்றிருந்தேன். மல்லிகாவை மடியில் கிடத்தி லாரியில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, என் நாக்கை நானே ரகசியமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வயல் சேறு காயாத காலோடு மல்லிகாவின் அம்மா ஓடிவந்தாள். “எம் புள்ள என்னத்தங்க தின்னுச்சு?”

டீச்சர் சில்லிட்டிருந்த அந்தச் சின்னப் பாதங்களைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். “பொழைச்சிருமா சார்?”

எந்தக் கணக்குக்கும் விடை வைத்திருந்த நான், தெரியாமலே தலையாட்டினேன்.

பொழுது சாயும் நேரத்தில் மல்லிகா கண் திறந்தாள். “கசந்துச்சு டீச்சர். கொட்டுனா மார்க்கக் கொறச்சிருவீங்கல்ல, அதான்...”

“மார்க்கு கேக்குது பாருங்க, கழுத!” என்று அவள் அம்மா அழுகையினூடே சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை.

எங்கள் திருமணத்திற்குப் பின்னும் அந்தப் பயம் அவளை விடவில்லை. கிழங்கு வேகும்போது மூடியைத் திறந்தே வைப்பாள். நீரைக் கொல்லையில் கொட்டும்வரை நகரமாட்டாள். முதல் துண்டைத் தானே தின்பாள். நான் கை நீட்டினால், “இருங்க, செத்த பொறுங்க” என்பாள்.

மரவள்ளி விளைந்த அந்தக் காடுகளில் இப்போது மக்காச்சோளம். வேப்பமரமும் இல்லை. நேற்றுப் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தட்டில் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தேன். யாரும் ‘இருங்க’ என்று சொல்லவில்லை.