ஓரத்தில் எழுதியிருந்த சொல்

பென்சிலைக் கையில் எடுத்ததும் ஹேட்டி ஸ்டாப்ஸ் அதன் முனையைக் கீழுதட்டில் ஒருமுறை ஒற்றிப் பார்ப்பாள். கூர் போதும் என்று உதடு சொன்னால்தான் எழுதுவாள். எழுத்து எறும்பு முட்டை அளவு இருக்கும். புத்தக ஓரம் என்றில்லை, ரொட்டிப் பை, கேஸ் பில்லின் முதுகு, பஸ் டிக்கெட் எதுவானாலும் சரி. மனதில் ஒரு சொல் தட்டுப்பட்டால் கிடைத்த காகிதத்தில் அது உட்கார்ந்துவிடும்.

"இந்த வீட்ல ஒரு காகிதம் நிம்மதியா கிடக்க முடியுதா?" என்பாள் அம்மா டெனிஸ். ப்ளைத் நகரத்துக் கடற்கரையில், விடுமுறைக்கு வருகிறவர்கள் வண்டிவீடுகளில் தங்கும் கேரவன் பூங்காவில் அவளுக்குத் துப்புரவு வேலை.

பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களுக்கு ஹேட்டி எடுத்துக்கொண்ட பாடங்களில் ஆங்கில மொழியும் இலக்கியமும் ஒன்று. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், அந்தப் பாடத்தில் 'பி' கிரேடு வாங்கினால். வாங்காவிட்டால் என்ன என்பதற்கு அம்மாவிடம் ஒரு வேடிக்கை தயாராக இருந்தது. "என்கிட்ட ரெண்டு வாளி இருக்கு கண்ணு. ஒண்ணு உனக்கு." அம்மா சிரிப்பாள். ஹேட்டியும் சிரிப்பாள். படுக்கப் போனபின் அந்த வாளியின் கைப்பிடி கையில் குளிரும்.

இலக்கியத் தேர்வுக்கு நாவலை உள்ளே கொண்டுபோகலாம். ஆனால் அதில் கையெழுத்து எதுவும் இருக்கக்கூடாது. ஹேட்டியின் பிரதியில் அச்சைவிடப் பென்சில்தான் அதிகம். அதனால் பள்ளி அலமாரியிலிருந்து அவளுக்கு வேறு பிரதி தருவதாக ஏற்பாடு. கடைசி வகுப்பில் ஆசிரியர் லம்லி மேசையைத் தட்டினார்.

"யார் புத்தகத்துலயாவது ஒரு புள்ளி இருந்தாக்கூட பரீட்சை மொத்தமும் ரத்து. ஹேட்டி, உன்னைப் பாத்துத்தான் சொல்றேன்."

"அவ கையக் கட்டிப் போட்டு உக்கார வைங்க சார்," என்றாள் பக்கத்திலிருந்த ப்ரயனி. வகுப்பே சிரித்தது.

தேர்வு உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. தகரக் கூரைமேல் கடற்காகங்கள் நடக்கும் சத்தம், யாரோ செருப்போடு உலவுவதுபோல் கேட்டது. மேசைகளுக்கு நடுவே நிஜமாகவே உலவியவர் மிஸஸ் பர்விஸ். தேர்வுக் காலத்தில் மட்டும் மேற்பார்வைக்கு வருகிற பெண்மணி. ரப்பர் அடி வைத்த காலணி போட்டிருந்ததால் அவர் வருவதே தெரியாது. வந்து நின்றபிறகு முதுகுதான் சொல்லும்.

கேள்வி, வெள்ளம் வந்த இரவைப் பற்றியது. ஹேட்டிக்கு மூச்சு சீரானது. அவளுக்குப் பிடித்த அத்தியாயம் அது. கணவனை வெள்ளத்தில் பறிகொடுத்த விதவை, தன்னால் காப்பாற்ற முடியவில்லை என்று தானே சொல்லும் கதை. பள்ளி கொடுத்த பிரதியில் அந்தப் பக்கத்தைப் புரட்டினாள்.

'கதவு பூட்டியிருந்தது. தண்ணீர் ஏறியது. அவர் என்னைக் கூப்பிட்டார். சாவி என் ஏப்ரன் பையில் இருக்கிறது.'

'இருக்கிறது' என்பதன் கீழே ஒரு கோடு. ஓரத்தில், பென்சிலில், எறும்பு முட்டை எழுத்தில் ஒரே சொல்: 'பொய்.'

முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை, வெளிச்சம். எல்லாம் இறந்தகாலத்தில் போய்க்கொண்டிருக்க, சாவி மட்டும் நிகழ்காலத்தில் நிற்கிறது. அந்தப் பெண் இன்னும் அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறாள். பூட்டியவளே அவள்தான். இரண்டு வருடம் படித்தும் இது கண்ணில் படவில்லையே.

பயம் அடுத்த நொடிதான் வந்தது. இந்தப் பொடி எழுத்து யாருடையது என்று கேட்டால் பள்ளியில் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்.

உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பென்சில் பையில் ரப்பர் இருந்தது. இரண்டு தேய்ப்பு போதும். விரல்கள் பையின் வாயைத் தொட்டன. முதுகு சில்லிட்டது. பின்னால் காலணி நின்றிருக்கிறதா, இல்லையா? திரும்பிப் பார்த்தால் அதுவே குற்றம். அழிக்கும்போது கண்ணில் பட்டால் கதை முடிந்தது. அழிக்காமல் விட்டால், கடைசியில் புத்தகத்தை வாங்கிப் புரட்டுவார்கள். கூரைமேல் காகம் நடந்தது. ஹேட்டியின் கை, அவளைக் கேட்காமலே மேலே போனது.

"என்னம்மா?"

"மிஸ்... இது நான் எழுதினதில்ல."

"எது?"

"இதோ. சத்தியமா நான் இல்ல மிஸ்."

மிஸஸ் பர்விஸ் குனிந்து பார்த்தார். பார்க்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் பார்த்தார். அவருக்குக் கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. ஹேட்டி அதைக் கோபம் என்றே எடுத்துக்கொண்டாள்.

"வேற புத்தகம் தர்றேன். பேரச் சொல்லு, குறிச்சுக்கணும்."

"என்ன பண்ணுவாங்க மிஸ்?"

"அது என் கையில இல்ல. நீ எழுது, நேரம் போகுது."

புதிய பிரதியில் ஓரம் வெள்ளையாக இருந்தது. ஆனால் 'இருக்கிறது' இப்போது கோடில்லாமலே துருத்திக்கொண்டு நின்றது. படித்ததைப் படிக்காததாக்க ரப்பர் கிடையாது. அதை எழுதினால் திருட்டு என்று அவளுக்குப் பட்டது. சாவியை விட்டுவிட்டு, தண்ணீரைப் பற்றியும் நீளம் குறையும் வாக்கியங்களைப் பற்றியும் எழுதினாள். இருந்த நல்ல பதிலைச் சுற்றி ஒதுங்கி நடக்கிற எழுத்து.

"நீயாதானே சொன்ன, அதுவே உனக்குச் சாட்சி," என்றார் லம்லி, தேர்வு முடிந்து விஷயம் தெரிந்தபின். சொல்லும்போது அவர் கண் ஜன்னலுக்குப் போனது.

வீட்டில் அம்மா கெட்டிலை வைத்தபடி, திரும்பாமல் கேட்டாள். "உண்மையச் சொல்லு கண்ணு. நீ எழுதிட்டியா? பழக்கத்துல, கை தானா..."

"அம்மா!"

"திட்டலடி. கேட்டேன், அவ்வளவுதான்."

அந்தக் கோடை முழுக்க ஹேட்டி பென்சிலைத் தொடவில்லை. தபால்காரர் வாசலில் எதையாவது போடும் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்த் தாளிட்டுக்கொள்வாள். தான்தான் எழுதினோமோ என்றுகூடச் சில மதியங்களில் தோன்றியது. எப்போதோ ஒருநாள் அலமாரியிலிருந்து அந்தப் பிரதியை எடுத்து, கை தானாக? எண்ணிப் பார்க்கப் பார்க்க நடந்தது போலவே இருந்தது.

தேர்வு வாரியம் அவள்மேல் நடவடிக்கை எதுவும் இல்லை என்று எழுதியது. ஆகஸ்டில் முடிவு வந்தது. இலக்கியத் தாளில் மதிப்பெண் மோசம். மொழித் தாள் தூக்கிவிட்டதில், விளிம்பில் தொங்கிக்கொண்டு ஒரு 'பி'. அம்மா அழுதுவிட்டு, வாளியைப் பற்றி ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டாள்.

லீட்ஸுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம், மீன் வறுவல் கடை வரிசையில் மிஸஸ் பர்விஸ் அவளுக்கு முன்னால் நின்றிருந்தார். வினிகர் வாசனைக்கு நடுவே, குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்த எழுத்து யாருடையதென்று அவருக்கும் தெரியாது, பழைய மாணவர் யாரோ. ஆனால் தேர்வுக்கு முன்னால் அலமாரிப் புத்தகங்களில் இருந்த கிறுக்கல்களை உட்கார்ந்து அழித்தது அவர்தான். அந்தப் பிரதியில், வெள்ளம் வரும் அத்தியாயம் தொடங்கியதும், ரப்பரை மடியில் வைத்துவிட்டுக் கதையைப் படிக்க ஆரம்பித்துவிட்டாராம்.