ஒரு குச்சி, மூணு முட்டை

எனக்கு ஒன்றே ஒன்று படிக்கத் தெரியும். ஒரு குச்சி, பக்கத்தில் மூன்று முட்டை. போனில் இப்படி வந்தால் ஆயிரம் ரூபாய் வந்துவிட்டது என்று அர்த்தம். மற்ற எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான். இதைக்கூட நான் சொல்லத்தான் சொல்கிறேன். எழுதுகிற மச்சான் என் கீது, கீறேன் எல்லாவற்றையும் துவைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறான்.

அந்த ஆயிரம் எனக்கு வருவதில்லை. குடும்பத் தலைவிகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் வங்கியில் போடுகிற உரிமைத் தொகை அது. மனு எழுதிய அன்று என் பெண்சாதியிடம் போன் இல்லை, அதனால் என் நம்பரைப் போட்டார்கள். பிறகு ஒருநாள் வங்கியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, குடும்பத் தலைவிதானே பேசுவது என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் நம்பரை இன்னொரு தடவை படித்துச் சரிபார்த்தாள். என் குரல், லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கும். கதை வெளியே போய்விட்டது. அன்றிலிருந்து எண்ணூரில் எங்கள் குப்பத்தில் என்னைத் தலைவி என்றுதான் கூப்பிடுகிறார்கள். டீக்கடையில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள்.

எங்களுக்கு ஆற்றில் வேலை. படகு இல்லை, வலை இல்லை. முகத்துவாரத்துக்கு உள்ளே, முட்டி போட்டால் கழுத்து வரைக்கும் வருகிற தண்ணீரில், சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்போம். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய கூடை, பறி என்போம். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். பதினெட்டு வருடம் நானும் அவளும் சேர்ந்து இறங்கியிருக்கிறோம். எங்கள் குடித்தனம் சண்டையில்லாமல் ஓடியதற்கு அந்தக் கயிறுதான் காரணம். வாயில் பறி இருக்கும்வரை அவளால் என்னைத் திட்ட முடியாது.

காலையில் ஆற்றின் மேல் ஆவி நிற்கும். மின் நிலையத்துச் சுடுதண்ணீர் கலப்பதால் ஆறு வெதுவெதுப்பாக இருக்கும். கரை தெரியாது, புகைக்கூண்டுகளின் தலை மட்டும் வானத்தில் மிதக்கும். அதற்குள் அவள் ஒரு தலையும் ஒரு பறியுமாக நகர்ந்து போவாள். அவளுடைய வலது ஆள்காட்டி விரலுக்குக் கண் இருக்கிறது. நான் ஓர் இறாலைத் தேடி அது நண்டா என்று பயந்து கையை எடுப்பதற்குள் அவள் பத்து போட்டிருப்பாள். நாங்கள் இரண்டு பேர் சம்பாதிக்கிறோம் என்று நான்தான் வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் சம்பாதித்தது அந்த விரல்.

அந்த விரலைத்தான் சிப்பி கிழித்தது. இதற்கு முன்னால் காலில் கிழித்தபோது பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மறுநாளே இறங்கினாள். இந்தத் தடவையும் அப்படியே செய்தாள். புண் ஆறவில்லை. விரல் வீங்கி, சாம்பல் நிறமாகி, தொட்டால் தெரியாமல் போனது. பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்தார். இன்னும் தண்ணீரில் வைத்தால் விரலை எடுக்க வேண்டி வரும், தோல் மூடுகிறவரை இரண்டு மாதம் ஆற்றுப் பக்கம் போகக்கூடாது என்றார். அவரைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். இரண்டு மாதம் சும்மா இருப்பதெல்லாம் மாமியார் நகை போட்ட வீட்டில் நடக்கிற விஷயம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். திருவொற்றியூர் தாண்டியதும் சொன்னாள்: “அந்த ஆயிரம் கீதுல்ல. அது நான் குந்திகினு கீறதுக்குக் கூலின்னு வச்சிக்க.”

“குந்திகினு கீறதுக்குக் கூலின்னா எனுக்குத்தான் மே மொதல்ல குடுக்கணும். பொறந்ததுலேர்ந்து அந்த வேலதான் பாத்துகினு கீறேன்.”

அவள் சிரிக்கவில்லை. விரலை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேஷன் அரிசி சும்மா வருகிறது. நான் தடவி வருகிற இறாலில் டீயும் குழம்பும் ஓடும். மீதிக்கு அந்த ஆயிரம். அதுவரை அது வரும், எண்ணெயாகவோ பருப்பாகவோ கரையும், எங்கே போனதென்று தெரியாது. இப்போது அது ஒரு மனுஷியை ஆற்றிலிருந்து தூக்கிக் கரையில் உட்கார வைத்தது.

முதல் நாள் மதியம் நான் வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பதினெட்டு வருடத்தில் அவள் தூங்குவதை வெளிச்சத்தில் நான் பார்த்ததே இல்லை. மடித்த புடவை தலைக்கு, கட்டுப்போட்ட விரல் மார்பின் மேல். கூரை ஓட்டையிலிருந்து ஒரு காசு அளவு வெயில் அவள் கன்னத்தில் விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காது பக்கம் நகர்ந்தது. தூரத்தில் துறைமுகத்துப் பக்கம் ஏதோ இரும்பு இரும்போடு மோதும் சத்தம், அதுகூடத் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வந்தது. என் டவுசரிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்தச் சத்தத்தில் எழுந்துவிடுவாளோ என்று வெளியே போய் நின்று பிழிந்தேன். இப்படி ஒரு நல்லவனாக நான் இருந்ததை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம்.

எழுந்ததும் கண்ணைத் துடைக்காமலே சொன்னாள்: “கனவுல கூட ஆத்துலதான்யா கீறேன். ஆனா தண்ணி சில்லுனு கீது. கீய பாத்தா என் கால் வெரலு தெரியுது.”

அப்புறம் தினமும் மதியம் தூங்கினாள். தினமும் அதே ஆறு. ஒருநாள் அதில் கெளுத்தி மீன் போயிற்று, ஒருநாள் அவள் அம்மா எதிர்க்கரையில் துணி துவைத்தாள். நான் ஒரு நாளாவது வந்தேனா என்று கேட்டால், வந்திருந்தால் தண்ணீர் கலங்கியிருக்குமே என்பாள். வாயில் பறி இல்லாததால் திட்டும் முழுசாகக் கிடைத்தது. பதினெட்டு வருடத்துப் பாக்கி.

நாற்பது நாள் ஆனபோது தோல் விளிம்பில் ரோஜா நிறம் வந்திருந்தது. இன்னும் கொஞ்சம்தான் என்றார் டாக்டரம்மா. அப்போதுதான் நான் என் படிப்பைக் காட்டினேன்.

ஒரு காலை போன் டிங் என்றது. பார்த்தேன். குச்சி, முட்டை. வழக்கத்தைவிட நாலு நாள் முன்னாடியே வந்திருக்கிறது, அரசாங்கத்துக்கு நம்மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டேன். வந்துடுச்சு தலைவி என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் பஞ்சுத் தலையணைக்காரர் சைக்கிளில் போனார். அவள் டப்பாவில் இருந்த கடைசி இருநூறு ரூபாயை எடுத்துப் போய் ஒரு தலையணை வாங்கி வந்தாள். தனக்கென்று அவள் ஒன்று வாங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகத்தை அதில் வைத்து மோந்து பார்த்தாள்.

இரண்டு பேருமாகப் பணம் எடுக்கப் போனால் மெஷின் காற்றைத்தான் கொடுத்தது. வாசலில் இருந்த காவலாளி என் போனை வாங்கிப் பார்த்தார்.

“துட்டு வந்துக்கீதுன்னு எங்க கீது நைனா? கடன் வேணுமான்னு கேக்குறான். முட்டைய எண்ணிப் பாத்தியா?”

எண்ணினேன். ஐந்து இருந்தது. முட்டை கூட இருந்தால் நல்லதுதானே என்று நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையானவர். எங்கள் கணக்கு நம்பர் இருபத்திரண்டில் முடிகிறது, பார்த்தால் கடைசியில் இரண்டு வாத்து நிற்கும், மெசேஜில் அந்த வாத்துகளும் வந்தால்தான் பணம் எங்களுடையது என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டு கழுத்து வளைந்து பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நாங்கள் இருவரும் பாஸ்புக்கில் அந்த வாத்துகளை நன்றாகப் பார்த்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வரும்வரை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் விடிந்ததும் பார்த்தால் புடவையை ஏற்றிச் செருகி, விரலில் கவரைச் சுற்றிப் பல்லால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். பறி தோளில் இருந்தது. நாலு நாளைக்கு எண்ணெய் வேண்டும், மருந்துக்குப் போக பஸ் காசு வேண்டும், தலையணையை விற்றவர் திரும்ப வாங்க மாட்டார் என்றாள். கோபமே இல்லாமல்.

நான் பறியைப் பிடித்து இழுத்தேன். வேடிக்கையாக எதையாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“நாலு நாளு எனுக்குக் குடு மே,” என்றேன். “அந்த வெரலு போச்சுன்னா நீ கனவுல கூட எறங்க முடியாது.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு பறியை விட்டாள்.

அவளுடைய பறிக் கயிற்றைக் கடித்துக்கொண்டு நான் இறங்கினேன். அதில் அவள் பல் பதிந்த இடம் இருந்தது. என் பல்லுக்கு அது பொருந்தவில்லை. காலையில் தண்ணீர் வற்றும்போது ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. என் பத்து விரலுக்கும் சேர்த்து அவள் ஒரு விரலின் பார்வை இல்லை. சேற்றில் என்னென்னவோ கிடைத்தது: ஒரு செருப்பு, ஒரு ஸ்பூன், நல்ல நிலைமையில் ஒரு டம்ளர். இறாலும் கொஞ்சம் வந்தது, எண்ணெய்க்கும் பஸ்ஸுக்கும் ஆகிற அளவு. ஆவிக்குள் தனியாக நகர்ந்துகொண்டிருந்தபோது, இத்தனை வருடம் அவள் இங்கே என்ன நினைத்துக்கொண்டு போனாள் என்று முதல் தடவையாக யோசித்தேன்.

நாலாம் நாள் காலை, ஆவி விலகுகிற நேரம், கரையில் பெரிய குழாய் மேல் யாரோ ஏறி நின்றார்கள். தலையணையைக் கக்கத்தில் இடுக்கியிருந்ததால் அவள்தான் என்று தெரிந்தது. போனை வீட்டில்தான் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அவள் வலது கையைத் தூக்கினாள். கட்டு இல்லை. ஆள்காட்டி விரலை நேராக நிமிர்த்திக் காட்டினாள், குச்சி மாதிரி. பிறகு கையை மூடி முட்டை காட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. அதோடு நிறுத்தினாள். அப்புறம் மணிக்கட்டை வளைத்து ஒரு வாத்து, பக்கத்திலேயே இன்னொரு வாத்து.

நான் சிரித்தேன். சிரிக்க வாயைத் திறக்க வேண்டும். பறி கவிழ்ந்து, காலையிலிருந்து பிடித்த இறால் எல்லாம் ஆற்றுக்கே போயிற்று.

கரையிலிருந்து திட்டு வர ஆரம்பித்தது.