காரணக் கட்டம்

செல்வராசு என்ற வெல்டர் எழுதிய மூன்று வரிகளை நான் தூக்கி எறிந்தேன். அவர் வந்து கேட்டபோது பழியை நெட்வொர்க்கின் மேல் போட்டேன். மற்ற கதையை முதலில் சொன்னால் உங்களுக்கு என் மேல் நல்ல அபிப்பிராயம் வந்துவிடும். அதனால் இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்று அஜ்மானில், மகள் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டில் ஏறினேன். கதவு மூடியதும் சிக்னல் போய்விடும் லிஃப்ட் அது. பேத்தி அனுப்பிய படம் திறக்காமல் போனில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எந்த வீட்டிலிருந்தோ பொரித்த கருவாட்டு வாசனை வந்தது. அந்த வட்டமும் அந்த வாசனையும் சேர்ந்தால் எனக்கு, அபுதாபியில் எங்கள் கம்பெனி ஆட்கள் தங்கியிருந்த முசஃபா கேம்ப்தான்.

வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் யாராவது ஊரிலிருந்து வந்திருந்தால் கருவாடு நிச்சயம். அது கேம்புக்குள். வாரத்தின் மற்ற நாட்களில் அந்த ஆட்கள் மேற்கே பாலைவனத்து சைட்டில் இருப்பார்கள். அங்கே தண்ணீர் லாரியின் மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கொஞ்சம் கிடைக்கும். தூரத்திலிருந்து பார்த்தால், மழை தூறுகிறதா என்று கையை நீட்டிப் பார்க்கிறவர்களைப் போல இருப்பார்கள். அந்தப் பாலைவனத்தில்!

லீவு விண்ணப்பத்தைப் போனிலேயே அனுப்ப ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். நான் அதன் தலைமை என்ஜினியர். அப்போது போனும் கணினியும் பேசிக்கொள்ளும் வெப் சர்வீஸ் செய்திகள் புது மாப்பிள்ளைக்கு வைக்கும் விருந்து மாதிரி. சாப்பிடுகிறவர் ஒருவர், பரிமாறுகிறவர்கள் எட்டுப் பேர். ‘பெயர் தொடங்குகிறது, செல்வராசு, பெயர் முடிகிறது’ என்று ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னும் பின்னும் காவல். லாரி மேல் நிற்கிறவர் கை வலித்து இறங்கும்வரை செய்தி போய்ச் சேராது. “இதைப் பாதியாகச் சுருக்கு” என்றார் மேனேஜர்.

காவல்காரர்களுக்குப் பதில் எண்களை வைத்தேன். நன்றாகவே சுருங்கியது, பாதியாகத்தான் ஆகவில்லை. மிச்சமிருந்த பருமன் எல்லாம் ‘காரணம்’ என்ற கட்டத்தில் இருந்தது. எங்கள் ஆட்கள் அதில் தமிழில் எழுதுவார்கள். கணினிக்குள் ஒரு தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தைப் போல மூன்று மடங்கு இடம் பிடிக்கும். அதையும் முறையாகச் சுருக்க இன்னும் சில வாரம் வேண்டும். நான் ஒரே வரியில் வேலையை முடித்தேன்: லைன் மெதுவாக இருந்தால் காரணத்தை விட்டுவிட்டு மற்றதை அனுப்பு. யாரிடமும் சொல்லவில்லை. ஆபீசில் லைன் எப்போதும் வேகம். மேனேஜருக்குக் காட்டிய அன்று எல்லாம் ஒழுங்காகப் போனது. பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். ஃப்ரேம் போட்டு மேஜைக்குப் பின்னால் மாட்டினேன்.

லீவுகளை வரிசைப்படுத்தும் கிளார்க் ஞானதாஸ், நாகர்கோவில்காரர். சாவும் நோயும் அவருக்கு முதல். அடுத்தது, அந்த ஆள் இல்லாமல் நடக்காத சடங்குகள். மற்றதெல்லாம் கடைசி.

ஒரு நாள் செல்வராசு ஆபீசுக்கே வந்துவிட்டார். பரமக்குடிப் பக்கம், சட்டையில் வெல்டிங் பொத்தல்கள்.

“தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து சார். தாய்மாமன் நா ஒருத்தன்தான். மூணு வரி எழுதி அனுப்புனேனே, யாருமே படிக்கலயா?”

ஞானதாஸ் கையை விரித்தார். “எங்கிட்ட வந்தது வெறுங்கட்டம்லா. காரணமே இல்லாம ஒம்மள நான் எப்படிவே முன்னால தூக்கி வைக்கது? நேத்தே லிஸ்ட்ல சைன் ஆயாச்சு.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பின்னால் பாராட்டுப் பத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது.

“நெட்வொர்க் கட்டாயிருக்கும்” என்றேன்.

அவர் நம்பினார். “சரி சார்” என்று சொல்லிவிட்டு, வாட்டர் கூலரில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். காதுகுத்து அவர் இல்லாமல் நடந்தது.

மூன்று வாரம் பொறுத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அப்புறம் மேனேஜரிடம் சொன்னேன். அவர் லெபனான்காரர். “கலாஸ், போனது போகட்டும். சரி செய்” என்றார். பத்திரத்தை நானே கழற்றினேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கேம்புக்குப் போய்ச் செல்வராசிடமும் சொன்னேன். சட்டியில் கருவாட்டைத் திருப்பிக்கொண்டிருந்தவர் திருப்புவதை நிறுத்தினார். ஒரு பக்கம் கருகியது.

“நெட்வொர்க்குன்னுதான் சார் வீட்லயும் சொன்னேன். தங்கச்சி அந்த டவர்காரன வையாத நாளில்ல. அவன்ட்டப் போயி மன்னிப்புக் கேளுங்க.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “சித்தப்பா மகன் மடில வச்சுக் குத்துனாக. புள்ள அழவே இல்லயாம். மாமன் இருந்தால்ல அழுகும்?” என்றார். பிறகு கருகிய துண்டைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, நல்லதை எனக்கு வைத்தார்.

அதைத் தின்றுகொண்டேதான் கேட்டேன், ஊருக்குப் போக என்னென்ன காரணம் எழுதுவீர்கள் என்று. அறையே பேச ஆரம்பித்தது. வளைகாப்பு, குலசாமி கும்பிடு, தளம் போடுவது, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், “பொண்டாட்டி மொகம் மறந்துருச்சு” கூட. பல வெள்ளிக்கிழமைகள் எழுதினேன். அடிக்கடி வரும் சொற்களைப் போனிலும் ஆபீஸ் கணினியிலும் ஒரே பட்டியலாக வைத்துவிட்டால், சொல்லுக்குப் பதில் அதன் எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். மறுமுனையில் எண் மறுபடி சொல்லாகிவிடும். முதல் எண்ணைக் காதுகுத்துக்குக் கொடுத்தேன். ஒரு வார்த்தை விடாமல் மொத்தச் செய்தியும் பாதிக்கும் கீழே வந்தது.

ஒன்றரை வருடம் கழித்து ஞானதாஸ் என்னைத் தன் திரைக்கு இழுத்துப்போனார். “சாரே, ஒம்ம ஆளு வந்திருக்கான், கேட்டேரா!” செல்வராசு சைட்டிலிருந்து, லாரி மேல் நின்று அனுப்பிய விண்ணப்பம். ‘தங்கச்சியோட ரெண்டாவது புள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான். டவர்காரருக்கு வணக்கம்.’ அந்த வருடப் பட்டியலில் சாவுக்கும் நோய்க்கும் அடுத்த முதல் பெயர் அவருடையது. திரும்பி வந்தவர் என் மேஜையில் ஒரு பொட்டலம் கருவாட்டை வைத்து, “இது அழுதுச்சு சார், ஊரே கூடுற மாதிரி” என்றார்.

லைன்கள் பிறகு வேகமாகிவிட்டன. எனக்குப் பின் வந்தவர்கள் அந்தச் சொற்பட்டியலைக் கழற்றிவிட்டார்களாம். தேவையில்லைதான், நானாக இருந்தாலும் கழற்றியிருப்பேன். காரணக் கட்டமும் இப்போது இல்லை. ‘சொந்தக் காரணம்’, ‘மருத்துவம்’, ‘மற்றவை’ என்று மூன்று பொத்தான்கள். தாய்மாமன்கள் எதை அழுத்துகிறார்களோ தெரியவில்லை.