திரையை வடிவமைத்தவர் தங்கவேல் சார் அல்லர்

தங்கவேல் சார் இன்று அதிகாலை காலமாகிவிட்டார். மாரடைப்பு என்கிறார்கள்.

நான் அழவில்லை. நாகரிகம் கருதி, அழுததாக எழுதவும் போவதில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில், தறிகளுக்கு கன்ட்ரோலர் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் அவர் எனக்கு மேலதிகாரி. டைப்பிஸ்டாகச் சேர்ந்த நான், எவரிடமும் கைகட்டி நிற்காமல், ஹெல்ப் ஃபைல்களைப் படித்தே புரோகிராமிங் கற்றுக்கொண்டவள்.

கன்ட்ரோலருக்கு நிரல் எழுதவும், தறி ஓடுவதைக் கண்காணிக்கவும் எங்களிடம் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. திரையிலுள்ள பலகங்களையும் பட்டன்களையும் அவரவர் தேவைக்கேற்ப இடம் மாற்றி அமைத்துக்கொள்ளும் ஃப்ரேம்வொர்க்கை அதற்கென வடிவமைத்தவள் நான். நான் மட்டுமே.

காலையிலிருந்து உங்கள் அஞ்சலிப் பதிவுகளில் ஆளுக்கு ஆள் அதை அவர் செய்ததாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்... ஆகையால்தான் இந்தப் பதிவு.

முதன்முதலில் அதை இயக்கிக் காட்டிய நாள். மவுஸால் ஒரு பலகத்தைப் பிடித்து வலப்பக்கம் நகர்த்தினேன். சொன்ன இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அறையில் எல்லாரும் கைதட்டினார்கள், சாரைத் தவிர.

"ஏனுங்க அம்மணி, ஆளாளுக்கு பட்டனை நகத்தி வெச்சுக்கிட்டா, ஃபோன் பண்ணிக் கேக்கறவனுக்கு நாம என்னன்னு சொல்றதுங்க? எடது பக்கம் மூணாவதை அமுக்குன்னா, அவன் எடது பக்கத்துல என்ன கெடக்குதோ!"

கேள்வி நியாயமானது. அதை மறுக்கும் அளவுக்கு நான் சிறுமதி படைத்தவள் அல்லேன்.

இரண்டு வாரம் வேறெதையும் சிந்திக்கவில்லை. இறுதியில் ஒவ்வொரு பட்டனுக்கும் நிரந்தரமான ஓர் எண்ணைக் கொடுத்தேன். எங்கே நகர்த்தினாலும், என்ன நிறம் பூசினாலும் அந்த எண் மாறாது. இனி ஃபோனில் "பதினேழை அமுக்குங்க" என்றால் போதும்.

அடுத்த மாதம் டீலர்கள் கூட்டம். சார் மைக்கைப் பிடித்தார். "நமக்கு ஒரு ஐடியா தோணுச்சுங்க, பட்டனுக்கெல்லாம் நம்பர் போட்டுப்போட்டா என்னன்னு..."

அந்த உரைக்கு ஸ்லைடு மாற்றிக்கொண்டிருந்தவள் நான்.

சாஃப்ட்வேரின் அபவுட் பக்கத்தில், 'வடிவமைப்பு' என்ற சொல்லுக்கு எதிரே அவர் பெயர். நேரில் சென்று காரணம் கேட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க கண்ணு. டிகிரி இல்லாத ஆளு பேரைப் போட்டா கஸ்டமரு என்னங்க நெனைப்பாங்க? உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன்."

என்னவொரு மரியாதை! பதினோரு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. புன்னகையோடுதான் பறித்தார்.

பிறகு அடுத்த வெர்ஷன்... அதன் இன்ஸ்டாலரைத் தாமே தயாரிக்கப்போவதாகப் பிடிவாதம். தயாரித்தவர், தம் கம்ப்யூட்டரில் தமக்கென அமைத்து வைத்திருந்த திரையின் ஃபைலையும் அதில் சேர்த்து எல்லா ஊருக்கும் அனுப்பிவிட்டார்.

தமக்கு விளங்காத பலகங்களை மூடிவைப்பது சாரின் வழக்கம். எனவே அவர் திரையில் எஞ்சியிருந்தவை கடிகாரமும் கம்பெனி லோகோவும் மட்டுமே.

பல்லடத்தில் ஒரு தறிக்கூடத்தில் அதை ஏற்றியிருக்கிறார்கள். தறி நிற்கிறது... எந்த இழை அறுந்து நின்றது என்று காட்டும் பலகத்தைக் காணோம். நான்தான் பஸ் ஏறிப் போனேன்.

அங்கே சூப்பர்வைசர் சரஸ்வதி அக்கா இடுப்பில் கைவைத்தபடி நின்றிருந்தார். "ஏனம்மணி, மணி பாக்கறதுக்கா இத்தாப்பெரிய பொட்டிய வாங்கி வெச்சிருக்கறோம்? செவுத்துலதான் கடியாரம் தொங்குதுங்களே!"

பத்தே நிமிடத்தில் சரிசெய்தேன். அந்நேரம் பார்த்து சார் அக்காவின் ஃபோனில் அழைத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"நம்ம டைப்பிங் பொண்ணை அனுப்பியிருக்கறனுங்க. நான் சொல்லிக் குடுத்த மாதிரி எல்லாம் சரி பண்ணிப்போடுமுங்க."

ஃபோனை வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். "எப்ப கண்ணு சொல்லிக் குடுத்தாரு? வந்ததுலருந்து நீ ஃபோனையே தொடலியே..."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்று காலை எட்டு மணிக்கு, எங்கள் பழைய ஊழியர் வாட்ஸ்அப் குழுவை நடத்தும் செந்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரை அனுப்பினார். "அக்கா, உங்களுக்குத்தான் தமிழ் சுத்தமா வருமுங்க. தப்பிருந்தா ஒருக்கா திருத்திக் குடுத்துருங்க."

எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. 'மாற்றியமைக்கும் திரையின் தந்தையே!' என்றொரு வரி இருந்தது.

அதை அடித்துவிட்டுத் திருத்தம் அனுப்பினேன். 'இவர் தலைமை வகித்த பிரிவில் அத்திரை உருவானது. வடிவமைத்தவர்: ப. மரகதவல்லி.'

உடனே செந்திலிடமிருந்து ஃபோன். "செத்த ஊட்டுல போயி இதெல்லாம் வேணுங்களாக்கா?"

"செத்த ஊட்டு வாசல்ல பொய்யைக் கட்டித் தொங்க உடலாமுங்களா தம்பி?"

"அவரு பையன் பாத்தா வருத்தப்படுவாருங்க..."

"பதினோரு வருசம் நான் பட்டேனுங்க. அப்ப யாரும் எனக்கு ஃபோன் பண்ணலீங்க."

பின்பு மெதுவாக, "அந்த வரியவே தூக்கிப்போடட்டுங்களாக்கா?"

"போடுங்க."

சற்றுமுன் அச்சாகி வந்த பேனரின் படத்தைப் பார்த்தேன். சாரின் புகைப்படம், பெயர், அவ்வளவுதான். என் பெயர் அதில் இல்லை. அவர் பெயருக்குக் கீழே என் உழைப்பும் இல்லை.

மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம். பூமாலையோடு வருவேன்.

சென்று வாருங்கள், சார்.

ப. மரகதவல்லி
வடிவமைப்பாளர்