பிறையைப் பார்த்து ஊறப்போட்ட தோல்

பாலாற்றங்கரையில் யாரும் குத்தகைக்குக்கூடக் கேட்காத முள்ளுக்காட்டைத் திருத்தி ஆறு சுண்ணாம்புத் தொட்டி கட்டினேன். பாறை குறுக்கிட்டதென்று மூன்று பேர் கைவிட்ட கிணற்றில் நானே இறங்கி உடைத்துத் தண்ணீர் கண்டேன். ஆவாரம்பட்டை வண்டி வருவதற்கு நான் போட்ட மண்பாதையில்தான் இன்று பாதி ஆம்பூர் நடக்கிறது. ஓட்டுக் கொட்டகை, பட்டை இடிக்கிற களம், எங்கள் தெருவுக்கு ஒரு பள்ளிக்கூடம், எல்லாம் என் கை. எங்கள் தெருவில் பிறந்து சொந்தமாகத் தோல் ஷாப்பு வைத்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஏழு வயதிலிருந்து பச்சைத் தோல் சுமந்த தலை இது. எழுத்து மட்டும் நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதனால் வாக்கியம் கோணலாக இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். விஷயம் கோணல் இல்லை.

எங்கள் ஆட்களை முதன்முதலில் கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலைக்கு ரயிலேற்றியதும் நான்தான். அது லேசில் நடக்கவில்லை.

தீபத்தின் மேல் எங்கள் ஜனத்துக்கு அத்தனை ஆசை ஏன் என்று வெளியார் கேட்பார்கள். அந்த நாளில் எந்தப் பெரிய கோயிலிலும் எங்களை வாசல் தாண்ட விடமாட்டார்கள். விரிஞ்சிபுரம் தேரைக்கூட ஆற்று மணலில் நின்றுதான் பார்த்திருக்கிறோம். அண்ணாமலை தீபம் அப்படி இல்லை. மலை உச்சியில் ஏற்றுகிறார்கள். அதை மறைக்க மதிலும் இல்லை, கதவும் இல்லை. ஊருக்கு வெளியே வயலில் நின்றாலும் எல்லாருக்கும் தெரிகிற அதே தீபம்தான் நமக்கும் தெரியும்.

என் ஷாப்பில் ஆணும் பெண்ணுமாக இருபத்தாறு பேர் வேலை செய்தார்கள். அவர்களைத் தீபத்துக்கு அழைத்துப் போகிறேன் என்று இரண்டு வருஷம் வாக்குக் கொடுத்து இரண்டு வருஷமும் தவறிவிட்டேன். முதல் வருஷம் ஆற்றில் வெள்ளம். இரண்டாம் வருஷம் தொட்டி நிறைய சரக்கு. மூன்றாம் வருஷம் ஐப்பசியில் என் மேஸ்திரி எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டான். அவன் எனக்குத் தூரத்து மருமகன் முறை.

"மாமா, ரெண்டு வருஷம் நீ சொன்ன கதையக் கேட்டாச்சு. இந்த வாட்டியும் இல்லன்னா, தீபத்துக்கு மறுநாள் ஒருத்தனும் உன் தொட்டில கை வெக்க மாட்டான். பெரிய ஷாப்புல கூப்புட்டுனுகீறாங்க. சொல்ட்டேன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆள் போனால் என் ஆறு தொட்டியும் வெறும் குழிதான். "இந்த வருஷம் தவறாது" என்று சத்தியம் செய்தேன்.

தோல் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மாட்டுத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் பன்னிரண்டு நாள் ஊறவைப்போம். தினமும் வெளியே இழுத்துத் திருப்பிப் போடவேண்டும். பன்னிரண்டாம் நாள் மயிர் தானாகக் கழன்று வரும். அன்றும் மறுநாளும் எல்லாரும் சேர்ந்து மயிரை வழித்து, உள்பக்கச் சவ்வைச் செதுக்கி, கழுவி, ஆவாரம்பட்டை ஊறின பட்டைத் தண்ணீரில் இறக்கிவிட்டால் பயமில்லை. பிறகு மூன்று நாள் ஒரே ஆள் கோல் வைத்துக் கிளறிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் சுண்ணாம்பில் இருக்கும்போது கவனிக்காமல் விட்டுப் போனால் தோல் வெந்துபோகும். நூற்றெண்பது தோல் வெந்தால் நான் மறுபடி அடுத்தவன் ஷாப்பில் தலைச்சுமை தூக்கவேண்டியதுதான்.

ஆகவே தீபம் என்றைக்கு என்று பார்த்து அதற்குத் தகுந்தபடி தோலை இறக்கினேன். பார்த்தது எப்படி என்பதில்தான் வினை. எங்கள் பக்கத்தில் பக்கத்து ஷாப்பு சாயபு வீட்டு மாடியில் பிறை பார்ப்பார்கள். பிறை தெரிந்தது என்று சத்தம் வந்தால் அதிலிருந்து பதினாலு எண்ணினால் பௌர்ணமி. பட்டை வண்டிக்கும் எங்களுக்கு அதுதான் கணக்கு, கல்யாணத்துக்கும் அதுதான். பஞ்சாங்கம் பார்க்க மேலத் தெருவில் போய்க் கைகட்டி நிற்க எனக்குப் பிடிக்காது. பதினாலு எண்ணினேன்; சனிக்கிழமை வந்தது. தீபம் சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை காலை ரயில், புதன் வியாழன் மயிர் வழிப்பது. திட்டம் கச்சிதமாக இருந்தது.

தீபத்துக்கு முந்தின வாரம் சனிக்கிழமை ஆம்பூர் ஸ்டேஷனுக்குப் போனேன். மற்றவர்களோடு ஒரே பெட்டியில் ஏறினால் தோல் வாடை என்று சொல்லி எங்களை வழியிலேயே இறக்கிவிடுவார்கள். ஆகவே குடும்பங்களோடு நாற்பத்திரண்டு பேருக்குத் தனிப் பெட்டி கேட்கலாம் என்று எண்ணம். டிக்கெட் கொடுக்கிற குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"என்னிக்குப் பிரயாணம்?"

"வெள்ளிக்கெழமங்க. சனிக்கெழம தீபத்துக்கு."

இப்போது நிமிர்ந்தார். "தீபம் வியாழக்கிழமைப்பா. சுவத்துல நோட்டீஸ் ஒட்டி ஒரு வாரமாச்சு. கண்ணு தெரியலையா?"

கண் தெரிந்தது. எழுத்துதான் தெரியவில்லை. அப்போது எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். தீபத்துக்குக் கணக்கு பௌர்ணமி இல்லை, கிருத்திகை நட்சத்திரம் என்று அவரே சொன்னார். நட்சத்திரம் பௌர்ணமிக்கு முதல்நாளே வந்திருந்தது. அதோடு மழை மேகத்தில் பிறையும் ஒருநாள் பிந்தித்தான் கண்ணில் பட்டிருக்கிறது. ஆக மொத்தம் இரண்டு நாள் பிசகு.

"புதன்கிழமை காலை வண்டியில பெட்டி சேக்கலாம். திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள நிச்சயமா சொல்லிடணும். சொல்லிட்டு வராம இருந்தா அடுத்த தரம் உங்க ஆளுங்களுக்குப் பெட்டியே கிடையாது" என்றார்.

திரும்பி நடந்தபோது எனக்கு வழி தெரியவில்லை. புதன்கிழமை காலை ரயிலேற வேண்டுமென்றால் செவ்வாய் மாலைக்குள் நூற்றெண்பது தோலும் பட்டைத் தண்ணீரில் இருக்கவேண்டும். செவ்வாய் என்பது பதினொன்றாம் நாள். அதுவும் கார்த்திகைக் குளிர். குளிரில் சுண்ணாம்பு தூங்கும்.

மேஸ்திரியிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "ரயில்காரங்க நாள மாத்திட்டாங்கடா" என்றேன்.

"ரயில்காரன் மாத்துனா மலைல தீபமும் மாறிடுமா மாமா?" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "எண்ணுனது தப்புன்னு சொல்லு. நான் ஒண்ணும் முழுங்கிட மாட்டேன்."

சொன்னேன். அவன் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு தோலின் ஓரத்தைப் பிடித்து மயிரை இழுத்துப் பார்த்தான். ஒன்று இரண்டு வந்தது. மற்றது வேரோடு பிடித்துக்கொண்டிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, "அப்போ பெரிய ஷாப்புக்குத் தாக்கல் சொல்லிடறேன்" என்று போய்விட்டான்.

வீட்டில் என் சம்சாரம் புளி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். கதையைக் கேட்டுவிட்டு, "பொம்பளைங்க பதினாலு பேரு கட்டுச்சோத்துக்கு அரிசி பொடச்சி வெச்சிகீறாங்க. இப்போ போயி அவங்க மூஞ்சில நான் முழிக்கணும். நீ போயி பொறையப் பாத்துக்கினு கெட" என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கி, "பழைய சுண்ணாம்பு இருந்தா சீக்கிரம் கழலும்னு நீதான சொல்வ?" என்றாள்.

எனக்கும் அது தெரியும். பல தடவை தோல் ஊறிப் பழுத்த பழைய சுண்ணாம்புத் தண்ணீரில் மயிர் இரண்டு நாளிலேயே கழலும். ஆனால் நேரம் கொஞ்சம் மிஞ்சினாலும் தோலின் முகமே, அதாவது மயிர் இருந்த மேற்பக்கமே, அழுகி உரிந்துபோகும். அந்தப் பழைய தண்ணீர் என்னிடம் இல்லை. புதுச் சுண்ணாம்பு மட்டுமே போடுவேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன் நான். அது இருந்த இடம் பக்கத்துச் சாயபுவின் ஷாப்பு. அவரிடம் பதினெட்டு வருஷம் மேஸ்திரியாக இருந்துவிட்டு, அவருடைய ஆட்களில் பன்னிரண்டு பேரை இழுத்துக்கொண்டுதான் நான் தனியாக வந்தேன். மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். சாயபு பட்டைக் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவர்களிடம், "அரே, மொதலாளி வந்துகீறாரு, ஒரு குர்ச்சி போடுங்கப்பா" என்றார். யாரும் போடவில்லை. போடமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும்.

நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். பிறை எண்ணியதைச் சொன்னபோது வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நாங்க பொறை பாக்கறது எங்க நோன்புக்குடா. உன் சாமி நாளுக்கு நீதான் பாக்கணும். அதுக்கும் நானே பேஜார் படணுமா?"

"தப்புதாங்க சாயபு."

"இன்னா சொன்னே? காதுல உழல."

"தப்புதாங்க."

சிரிப்பு நின்றது. "என்கிட்ட வேலை செஞ்சப்போ பழைய சுண்ணாம்பு தோலைக் கெடுக்கும், வேணாம் வேணாம்னு எங்கூட மல்லுக்கு நின்னவன் நீ. இப்போ அதையே கேக்கற. முகம் உரிஞ்சா இன்னா பண்ணுவ?"

"உரிய உடமாட்டேன். ரெண்டு மணி நேரத்துக்கொரு தரம் கைய வுட்டுப் பாப்பேன்."

"தீபம் பத்து நாள் எரியுதே. ரெண்டு நாள் கழிச்சுப் போனா உன் சாமி கோச்சிக்குமா?"

"எரியறத பாக்க இல்லீங்க. ஏத்தற நேரத்துக்கு அங்க நிக்கணும்னு கேக்கறாங்க. நானும் வாக்குக் குடுத்துட்டேன்."

அவர் வெகுநேரம் வெற்றிலைச் சாற்றை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்துக் கோபத்தை மென்றுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கடைசியில் துப்பிவிட்டு, "கடேசித் தொட்டில கீது. ஜாஸ்தி எடுக்காத. வெந்நி ஊத்திக் கலக்கு, இந்தக் குளிருக்கு அது போதாது" என்றார்.

எடுத்து வருவதற்கு ஆள் வேண்டுமே. மேஸ்திரி அன்று வரவில்லை. நானும் என் சம்சாரமும் குடம் குடமாகச் சுமக்கத் தொடங்கினோம். முப்பது குடம் ஆனபோது ஆட்கள் ஒவ்வொருவராக வந்து குடத்தை வாங்கிக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் ஆறு தொட்டியிலும் கலந்தாயிற்று.

திங்கட்கிழமை காலை கை விட்டுப் பார்த்தேன். கழுத்துப் பக்கம் லேசாகக் கழன்றது. முதுகு அசையவில்லை. ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்ல மத்தியானம் வரைதான் நேரம். பத்து மணிக்குப் பார்த்தேன், அதே நிலை. அப்போது மேஸ்திரி வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். பதினொன்றரைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். தோல் என்ன சொல்லும் என்று தெரியாமலே நடந்து போய், குமாஸ்தாவிடம் "நாப்பத்திரெண்டு பேரு, புதன்கெழம, நிச்சயம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வந்து சொன்னதும் மேஸ்திரி முகத்தில் ரத்தம் ஏறியது. "கழலாம பெட்டி சொல்லிட்டு வந்துகீறியே, உனுக்குப் பைத்தியமா மாமா?"

"கழலலன்னா தொட்டிய அப்படியே போட்டுட்டு ரயிலேறுவோம். வெந்தா வேகட்டும்."

அதைச் சொல்ல எனக்கு எத்தனை தைரியம் வேண்டியிருந்தது என்று இதைப் படிக்கிறவர்கள் யோசிக்கவேண்டும். மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கினான்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஒரு தோலை இழுத்துக் கட்டைமேல் போட்டான். கத்தியின் முதுகால் ஒரு தள்ளு தள்ளினான். முதுகு மயிர் நனைந்த கம்பளி மாதிரி சுருண்டு விழுந்தது. உடனே குனிந்து தோலின் முகத்தைப் பார்த்தேன். உரியவில்லை. ஆனால் தொட்டால் வழுக்கியது. மாலைக்கு மேல் தாங்காது என்று விரல் சொன்னது.

இரண்டு நாள் வேலையை ஒரே பகலில் செய்தோம். ஆண்கள் வழித்தார்கள், பெண்கள் கழுவினார்கள், நான் சவ்வு செதுக்கினேன். முதலாளியான பிறகு அந்தக் கத்தியை அன்றுதான் எடுத்தேன். பிற்பகலில் சாயபு வந்து வேலி ஓரம் நின்றார். ஒரு தோலை விரித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "பொழச்சிக்கின" என்று மட்டும் சொன்னார். மூன்று நாளும் பட்டைத் தண்ணீரைக் கிளறத் தன் ஆளையே அனுப்புகிறேன் என்றார். பொழுது சாய்வதற்குள் நூற்றெண்பதில் நூற்று எழுபத்து நாலு தோல் பட்டைத் தண்ணீரில் இறங்கியது. ஆறு தோல் முகம் உரிந்து வீணானது. அதை மறைக்கமாட்டேன்.

புதன்கிழமை காலை வண்டியில் நாற்பத்திரண்டு பேரும் ஏறினோம். கையில் சுண்ணாம்பு தின்ற புண்ணோடுதான் எல்லாரும். காட்பாடியில் வண்டி மாறி, வியாழன் மாலை ஊருக்கு வெளியே ஈர வயலில் நின்றோம். உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம் எழுந்தபோது மேஸ்திரி என் தோளை எத்தனை அழுத்திப் பிடித்தான் என்றால், ஒரு வாரம் வலித்தது. ஊர் திரும்பிய பிறகு அவன் பெரிய ஷாப்புக்குப் போகவில்லை. கடைசிவரை என் தொட்டியில்தான் இருந்தான்.

அடுத்த வருஷம் மூன்று ஷாப்புக்காரர்கள் தீபம் என்றைக்கு என்று என்னைக் கேட்டுத் தோல் இறக்கினார்கள். இப்போது ஆற்றங்கரையில் தீபத்துக்கு யார் தொட்டியிலும் சுண்ணாம்புத் தோல் இருப்பதில்லை. ரயிலில் நாலு பெட்டி போகிறது. இந்த வருஷம் பிரயாணத்துக்கு நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். எனக்குப் படிக்கத் தெரியும் என்பதை அடித்தவர்கள் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. பெரிய ஷாப்பு முதலாளிகளின் தயவால் தொடங்கிய வழக்கம் என்று அதில் போட்டிருக்கிறது. எந்த முதலாளி? எந்தத் தயவு? சுண்ணாம்பு கொடுத்த சாயபுவைப் போடுங்கள், நியாயம். தொட்டியில் இறங்கிய மேஸ்திரியைப் போடுங்கள், குடம் சுமந்த என் சம்சாரத்தையும் போடுங்கள். ஆனால் தோல் கழலுமா என்று தெரியாமல் முதல் பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். அடுத்த நோட்டீஸில் அது அச்சாகவேண்டும். சின்ன எழுத்தில் இல்லை. மேலே, முதல் வரியில்.