பூஜையில் வைத்த பாஸ்வேர்டு

இந்த ஆயுத பூஜையன்று பெரிய காஞ்சிபுரத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் பொட்டு வைத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். அது டில்லிபாபுவுடையது.

பொரி கடலை வாங்கப் போகிற வழியில் அவன் ஆபீஸுக்கு ஏறினேன். கீழே பட்டுக்கடையில் தராசு, கத்தரிக்கோல் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு ஓய்வில் இருந்தன. மாடியில் இவன் மட்டும் மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தான். என்னப்பா, நாத்திகனாகிவிட்டாயா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. போன வருஷத்துக் கதையைச் சொன்னான்.

டில்லிபாபுவின் தொழில், வெப்சைட்டுகளுக்கு இடம் வாடகைக்கு விடுவது. சர்வர் இருப்பது அமெரிக்காவில். அதை இங்கிருந்தே மேய்க்க 'கன்ட்ரோல் பேனல்' என்று ஒரு சாஃப்ட்வேர். யாருக்கு எவ்வளவு இடம், யாருக்கு ஈமெயில் – எல்லாம் அதில் ஒரு க்ளிக். பாஸ்வேர்டை மட்டும் கம்ப்யூட்டரே ஞாபகம் வைத்திருந்தது. இவன் வைத்துக்கொள்ளவில்லை. நம்மில் எத்தனை பேர் வைத்துக்கொள்கிறோம்?

போன ஆயுத பூஜை அன்று, படையல் முடிந்த கையோடு ராணி வந்திருக்கிறாள். ஐயம்பேட்டைப் பெண், நர்ஸ். அவள் குடும்பத்தில் நர்ஸிங் படித்த முதல் ஆள். வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரி அவளைத் தேர்வு செய்து, சம்மதம் கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறது. மெயில் திரும்பிப் போய்விட்டது. அவள் கொடுத்திருந்தது, டில்லிபாபு இடம் கொடுத்திருந்த அவள் சர்ச் வெப்சைட்டோடு கிடைத்த ஈமெயில் முகவரி. யாரோ திருவிழா போட்டோக்களை ஏற்றி, சர்ச்சுக்கு ஒதுக்கிய இடத்தை முழுக்க நிரப்பிவிட்டார்கள். வேறு முகவரி தருகிறேன் என்று போனில் கெஞ்சியிருக்கிறாள். பதிவு செய்த முகவரிக்குத்தான் அனுப்புவோம் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள்.

"சாயங்காலம் வரைக்கும்தான்ணா டைம் குடுத்துகிறாங்க. கொஞ்சம் இடம் ஏத்தி வுட்டா போதும்."

ஒரு க்ளிக். ஆனால் கம்ப்யூட்டர் சாமி முன்னால் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பூஜையில் வைத்ததை விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிய பிறகுதான் தொடுவது டில்லிபாபு வீட்டு வழக்கம். வேறு கம்ப்யூட்டரில் திறக்கலாமென்றால் பாஸ்வேர்டு தெரியாது; மாற்றலாமென்றால் அதற்கான மெயிலும் அதே கம்ப்யூட்டரில்தான் திறக்கும். பாஸ்வேர்டு இருந்ததோ மாலைக்கு உள்ளே!

கை பாதி தூரம் போனதாம். புதுத் தொழில், ஏதாவது குறை வந்துவிட்டால்... இழுத்துக்கொண்டான்.

"காலைல மொத வேலையா பண்ணித் தரேம்மா."

"உங்க பூஜைய நான் எதுக்குண்ணா கெடுக்கணும்? பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கியிருக்கிறாள்.

சொன்னபடியே காலையில் முதல் வேலையாகச் செய்தான். இடம் வந்தது. மெயிலும் வந்தது – அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று.

ராணி இப்போதும் அதே சின்ன நர்ஸிங் ஹோமில்தான் இருக்கிறாள். போன மாதம் டில்லிபாபுவின் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஊசி போட்டவளும் அவள்தான். போகும்போது, உங்க பிசினஸ் எப்படிண்ணா போவுது என்று விசாரித்துவிட்டுப் போனாளாம். இதைச் சொல்லிவிட்டு மறுபடியும் மவுஸைத் தட்ட ஆரம்பித்தான். பொரி வாங்காமலே திரும்பிவிட்டேன்.

சாமி கோபித்துக்கொள்ளும் என்று பயந்தான், சரி. ராணி கோபித்துக்கொள்ளவே இல்லையே... அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.