காஃபுவே நாணலில் ஆடிக் கிருத்திகை

கரையில் என் வீட்டுக்காரரின் செருப்பு மட்டும் கிடந்தது. ஆளைக் காணோம். எதிரே தண்ணீர், அதன்மேல் பனிமூட்டம், ஆள் உயரத்தைத் தாண்டிய நாணல். சேற்றில் ஏதோ ஒன்று வயிற்றை இழுத்துக்கொண்டு போன தடம். அது எதன் தடம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. முருகனை நம்பியிருக்கும் உங்களிடம் இதைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறேன்?

எழுபத்தேழாம் வருடம், ஆடி மாதம். நாங்கள் பர் துபாயில் குடியிருந்தோம். இவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் என்ஜினீயர். துபாய் வெயில் உங்களுக்குத் தெரியாததா? காலையில் குழாயைத் திறந்தாலே கொதிதண்ணீர்தான் வரும். பவானி ஆற்றில் நீந்தி வளர்ந்த மனிதர், ஓடுகிற தண்ணீரில் முழுகி வருடக்கணக்காயிற்று என்று புலம்பாத நாள் கிடையாது. அந்த லீவுக்கு ஊருக்குப் போகாமல் ஜாம்பியா போனோம். அங்கே என் அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். காஃபுவே ஆற்றை ஒட்டிய சதுப்புக்காட்டில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று கூட்டிப்போனார்.

போன நேரத்திலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆப்பிரிக்கா என்றால் சூடு என்று நினைத்து ஸ்வெட்டர்கூட எடுத்துப்போகவில்லை; குளிரில் பல் கிடுகிடுத்தது. நீர்யானை உறுமுவது தலைமாட்டில் கேட்பதுபோல் இருந்தது. வழிகாட்டியாக வந்த பண்டா என்ற பெரியவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: முதலை இருக்கிறது, தண்ணீரோரம் யாரும் தனியாகப் போகக்கூடாது, வேண்டிய தண்ணீரை அவரே மொண்டு தருவார். இவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

மறுநாள் ஆடிக் கிருத்திகை. முழுகித் திருநீறு பூசாமல் இவர் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். எதிரே ஆறே ஓடும்போது கிருத்திகைக்கு வாளித் தண்ணீரிலா குளிப்பது என்று மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. விடிந்தும் விடியாமலும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா?

அண்ணன் "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று கரை நெடுகக் கத்தினார். பண்டா தோணியைத் தள்ளிக்கொண்டு நாணலுக்குள் போவதும் வெறுமனே திரும்புவதுமாக இருந்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது. எங்கே என்று தேடுவது? "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டே என் தொண்டை கட்டிப்போயிற்று. பதில் இல்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், ஓடினேன், திரும்பி வந்தேன்.

"பதறாத அம்மிணி, கெடைச்சிருவாரு" என்றார் அண்ணன். சொன்னவர் முகத்தில் அந்த நம்பிக்கை இல்லை.

கும்பிடவே தோன்றவில்லை. ஆத்திரம்தான் வந்தது. வாய்விட்டுச் சண்டை போட்டேன். "உனக்காகக் குளிக்கத்தான போனாரு? நீதான் பொறுப்பு முருகா. எனக்கு என்ர ஆளு வேணும்." அதோடு நிற்கவில்லை. என்ன தோன்றியதோ, காவடிக் கூட்டத்தின் நடுவே நிற்பதுபோல் அடிவயிற்றிலிருந்து "வெற்றிவேல் முருகனுக்கு" என்று கத்தினேன்.

நாணலுக்குள்ளிருந்து "அரோகரா" என்று வந்தது.

நடந்தது இதுதான். கரை என்று நினைத்து இவர் கால் வைத்தது மிதக்கும் புல்மேடு. அது பிய்ந்துகொண்டு இவரையும் சுமந்து நாணலுக்குள் போய்விட்டது. அங்கே கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நீர்யானை. சத்தம் கேட்டால் பாய்ந்துவிடும் என்ற பயத்தில், நாங்கள் கூப்பிட்டதெல்லாம் காதில் விழுந்தும் வாயே திறக்காமல் நின்றிருக்கிறார். புல்மேடோ கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்து, இடுப்பு வரை தண்ணீர். ஆனால் அந்த அழைப்புக்கு மட்டும் நாக்கு இவர் பேச்சைக் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து பழகிய வாய், தானாகப் பதில் சொல்லிவிட்டது.

இன்னொரு தடவை என்று பண்டா கை காட்டினார். நான் கத்தக் கத்த, இவர் பதில் சொல்லச் சொல்ல, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே பண்டா பின்பக்கமாகச் சுற்றிப்போய் இவரைத் தோணியில் ஏற்றினார். நீர்யானை காதை ஆட்டிக்கொண்டு கிடந்ததாம். கரையில் பார்த்த தடம் முதலையுடையதுதான். அது எங்கே போனது என்று பண்டாவுக்கும் தெரியவில்லை.

உதடு நீலம் பாரித்து இறங்கிய மனிதரை அடிக்கப் போனேன். அடிக்கவில்லை, கட்டிக்கொண்டு அழுதேன். "இன்னும் திருநீறு பூசல" என்றார் நடுங்கிக்கொண்டே. திருநீற்றுப் பையைப் பிடுங்கி நானே பூசிவிட்டேன். பண்டாவின் காலைத் தொடக் குனிந்தேன். அவர் பதறி விலகினார்.

அதுவரை நான் சாமி கும்பிடுவது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது. சத்தம் போட்டுக் கும்பிடுவது படித்தவர்களுக்கு அழகில்லை என்று நினைப்பு. இப்போது ஒவ்வொரு கிருத்திகைக்கும் எங்கள் பிளாட்டில் கூடுகிறோம். கூச்சத்தோடு முனகுகிறவர்களை நான் விடுவதில்லை. ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தவிப்பவர்களும், குழந்தை வரம் கேட்பவர்களும் வருகிறார்கள். முருகன் எங்கேங்க பேசறான் என்று சலித்துக்கொள்கிறவர்களும் உண்டு. எனக்குப் பேசினான். குளிரில் நடுங்கும் என் வீட்டுக்காரரின் குரலில் பேசினான். உங்களுக்கு யார் குரலில் பதில் வருமோ, எனக்குத் தெரியாது. வாய்விட்டுக் கூப்பிடுங்கள்.